வீடு மறைக்கும் நோய்: வளரிளம் பிள்ளைகளும் போதைப் பழக்கமும்



போதையின் தீமை பற்றி நமதூரில் பேசப்படாத மாதமே இல்லை. ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் சொல்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் காவல்துறையினர் வந்து உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். ஆனாலும் நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். முன்பெல்லாம் டயாலிசிஸ், இதய அறுவை, கண்புரை என்றுதான் வரும். இப்போது 16, 17 வயதுப் பையன்களுக்காக மனு வருகிறது. 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருக்கும். 'தூக்கமின்மை' என்று எழுதியிருக்கும். 'எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான்' என்றும் எழுதியிருக்கும். உட்கார வைத்து விசாரித்தால் உம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், வாப்பா தரையைப் பார்க்கிறார். போதை என்ற சொல் கடைசியில்தான் வெளியே வருகிறது. அதற்குள் பையன் தொடங்கி இரண்டு, மூன்று வருடம் ஆகியிருக்கிறது. வீட்டாருக்குத் தெரிந்தே ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம். போதை ஹராம் என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை. அது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். எந்த வயதில், எந்தப் பொருளில் தொடங்குகிறது, வளரும் உடலை அது என்ன செய்கிறது, தெரியவந்த அன்றே வீடு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் எங்கே?

போதை என்றதும் கஞ்சாப் பொட்டலமும் ஊசியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் அங்கே தொடங்குவதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் தொடங்குகிறார்கள். 2019-ல் இந்தியப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் எடுத்த உலகளாவிய இளையோர் புகையிலை ஆய்வில், 8.5 சதவீதம் பேர் அப்போது ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. மெல்லும் புகையிலைக்குப் பழகியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 10 வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். பத்து வயது என்றால் நம் கணக்கில் என்ன? மக்தபில் குர்ஆன் ஓதி முடிக்கிற வயது. ஓதி முடித்ததற்கு இனிப்பு கொடுத்துச் சந்தோஷப்படுகிற வயது.

இதே ஆய்வில் ஆண் பிள்ளைகள் 9.6 சதவீதம், பெண் பிள்ளைகள் 7.4 சதவீதம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

இப்போது நம் பகுதிப் பையன்களிடம் அதிகம் புழங்குவது 'கூல் லிப்'. பார்த்திராத பெற்றோருக்காக விளக்குகிறோம். தேயிலைப் பை போன்ற சின்னஞ்சிறு பொட்டலம், உள்ளே புகையிலைத் தூள், புதினா வாசம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் நிக்கோட்டின் நேராக இரத்தத்தில் கலக்கும். புகை இல்லை, துப்ப வேண்டியதில்லை. வகுப்பில் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்துகொண்டே வைத்திருக்கலாம். மக்ரிப் தொழுது வந்து உம்மாவிடம் தேநீர் கேட்கும் பையனின் உதட்டுக்குள்ளும் இருக்கலாம். மிட்டாய் போன்ற பெயர், மிட்டாய் போன்ற உறை. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே மாணவர்களிடம் இது பரவுவது குறித்துக் கவலை தெரிவித்தது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த இத்தகைய பொருள்களுக்கும் 2013 முதல் தடை இருக்கிறது. தடை இருந்தும் முகம் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

கொடுப்பவர் யார் என்பதையும் ஒரு நிமிடம் யோசிப்போம். எல்லாக் கடையும் வெளியூர்க்காரர் கடை அல்ல. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்கும் சிலரின் கல்லாப் பெட்டிக்குக் கீழும் இது இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது: ஒரு சிறுவனுக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். அந்தப் பணத்தில் குர்பானி கொடுத்தால் கூடுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டியது அந்தச் சகோதரர்களின் பொறுப்பு.

உடலில் இது செய்வது: ஈறு தேய்ந்து இறங்கும், உதட்டின் உட்புறம் வெள்ளைத் திட்டு விழும், இதயத் துடிப்பு கூடும். குட்காவாக இருந்தால் அதிலுள்ள பாக்கு வாயின் உட்தசையை இறுக்கிவிடும். நாலு விரல் நுழைய வாய் திறக்க முடியாமல் போகும். வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலை அது. பையன் காரம் சாப்பிட மறுத்தால், வாயைப் பெரிதாகத் திறக்கச் சிரமப்பட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேலை மிகச் சுலபம்.

வாசனை காட்டிக் கொடுக்காத போதைகள்

நம் வீடுகளில் மது குடித்துவிட்டு ஒருவன் உள்ளே வர முடியாது. வாசனையே காட்டிக் கொடுத்துவிடும், வீடு ரணகளமாகிவிடும். இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருப்பதை நம்மிடம் வந்த பையன்கள் வாயாலேயே கேட்டோம். வாசனை வராத பொருளை அவர்கள் தேடிப் போகிறார்கள். "இது மது இல்லையே, மாத்திரைதானே" என்று வாதமும் செய்கிறார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, அறிவை மூடுகிற எதுவும் 'கம்ரு'தான் என்று விளக்கியதை மதரஸாவில் ஓதியிருந்தும் இந்த வாதம் வருகிறது. மது என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் பயான் செய்துவந்ததன் விளைவு இது என்பது நம் கருத்து.

இவற்றில் பெற்றோருக்கு அறவே தெரியாதது முகர்கிற போதை. எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மை, பெயின்ட் தின்னர், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொலுஷன் ஆகியவற்றைக் கைக்குட்டையிலோ பிளாஸ்டிக் கவரிலோ ஊற்றி முகர்கிறார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு ஒரு செய்தியைச் சொன்னது: பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே போதை இதுதான். 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். விலை குறைவு, வாங்குவதில் பயமில்லை, பையில் இருந்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் முதல் தடவையிலேயே உயிரை எடுக்கக்கூடியது. அந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். அந்த நேரத்தில் துரத்தினாலோ திடுக்கிட வைத்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். மொட்டை மாடியில் பையன் முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். மெதுவாகப் போய்ப் பொருளை அகற்றிக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். வாயையும் மூக்கையும் சுற்றிப் புண், துணியில் பெயின்ட் வாசம், காரணமில்லாத தலைவலி, வாந்தி ஆகியவை அடையாளங்கள்.

கஞ்சாவைப் பற்றி 'இலைதானே, மூலிகைதானே' என்று ஒரு பேச்சு பையன்களிடம் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1969-70-ல் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு. நியூசிலாந்தில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை 38 வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், பதின்ம வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 8 புள்ளி வரை குறைந்திருந்தது. இதற்குக் கஞ்சா மட்டுமே காரணமா என்று அறிஞர்கள் பின்னர் விவாதித்தார்கள். விவாதம் நடக்கட்டும், அந்தச் சோதனைக்கு நம் பிள்ளையைக் கொடுக்க வேண்டியதில்லை.

நம்மிடம் வந்த மனுவில் 'பயந்திருக்கிறான்' என்று எழுதியிருந்ததாகச் சொன்னோம் அல்லவா? யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவும், காதில் குரல் கேட்பதாகவும் அந்தப் பையன் சொன்னான். வீட்டார் ஜின் என்று நினைத்து நாலு மாதம் ஊர் ஊராக ஓதிப்பார்க்க அலைந்தார்கள். ஓதிப்பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் 17 வயதில் திடீரென்று குரல் கேட்கிறது என்றால் அதே வாரம் மனநல மருத்துவரிடமும் போங்கள். எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கும்போது, மருந்து தேடுவதும் தவக்குலுக்கு மாற்றமானதில்லை.

கடைசியாக மாத்திரை. 'டாபென்டடால்' என்பது கடும் வலிக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தர வேண்டிய மருந்து. அபின் செயல்படும் அதே இடத்தில்தான் மூளையில் செயல்படுகிறது. இதைக் கரைத்து நரம்பில் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து வரும். அளவு கூடினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, குறட்டை போல் மூச்சு வருகிறது என்றால் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு அழையுங்கள். என்ன சாப்பிட்டான் என்ற உண்மையை ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மானம் பார்த்துப் பொய் சொன்னால் மருத்துவருக்கு எந்த மாற்று மருந்தைக் கொடுப்பது என்று தெரியாமல் போய்விடும்.

தூக்க மாத்திரைக்குப் பழகியவர்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளையை அறையில் போட்டுப் பூட்டி 'மூணு நாளில் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சில தூக்க மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

பாலிகாகிவிட்டான், ருஷ்து வந்துவிட்டதா?

"இவ்வளவு வளர்ந்தவனுக்குப் புத்தி வேண்டாமா?" என்பது வாப்பாமார்களின் முதல் கேள்வி. வளர்ந்த உடலும் வளர்ந்த புத்தியும் ஒரே நாளில் வருவதில்லை என்பதை மருத்துவம் இப்போது தெளிவாகச் சொல்கிறது. இன்பத்தையும் பரபரப்பையும் நாடும் மூளைப் பகுதி பதின்ம வயதில் முழு வேகத்தில் இருக்கிறது. விளைவை எண்ணிப் பார்த்து 'வேண்டாம்' என்று தடுக்கும் முன்மூளை முதிர்வதற்கு ஏறத்தாழ 25 வயதாகிறது. வேகம் கூடிய வண்டி, பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை. இந்த இடைவெளியில் போதை நுழைந்தால் மூளை அதற்கேற்றபடியே தன்னை வளர்த்துக்கொள்கிறது. 30 வயதில் தொடங்கியவனைவிட 13 வயதில் தொடங்கியவன் சீக்கிரமாக அடிமையாவதும், விடுபடச் சிரமப்படுவதும் இதனால்தான்.

நம் ஷரீஅத்துக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6-ஆவது வசனம், அவர்கள் திருமண வயதை அடைந்ததும் கணக்கை முடித்துவிடச் சொல்லவில்லை. அவர்களைச் சோதித்துப் பார்த்து, 'ருஷ்து' எனும் பகுத்தறியும் பக்குவம் தென்பட்டால் சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. பாலிகாவது வேறு, ருஷ்து வருவது வேறு. செல்வத்தைக் கையாளத் தெரியாமல் இருப்பவனிடம் 25 வயது வரை சொத்தைக் கொடுக்காமல் வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. விஞ்ஞானம் சொன்னதை அன்றே சொன்னார்கள் என்று பெருமை பேசுவதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. நாம் செய்வதைப் பார்க்கத்தான் எடுத்துக்காட்டினோம். சபுராளி வாப்பா சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் பையனின் கணக்குக்கே நேராகப் பணம் போடுகிறார். பையனிடம் விலை உயர்ந்த பைக் இருக்கிறது, கைப்பேசியில் ஜிபே இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. உம்மாவுக்கு அந்தக் கைப்பேசியைத் திறக்கவே தெரியாது. ருஷ்து வரும் முன்னரே சொத்தை ஒப்படைத்துவிட்டோமே! பணத்தை உம்மாவின் கணக்குக்குப் போடுங்கள், வாரச் செலவுக்குக் கையில் கொடுங்கள், கணக்கு கேளுங்கள். ஒரே நபருக்கு 150, 200 என்று அடிக்கடி பணம் போயிருந்தால் அவர் யார் என்று கேளுங்கள்.

தெரிந்த பிறகு வீடு செய்யும் வேலைகள்

முதலில் அடி. வாப்பா ஊரில் இல்லையென்றால் மாமுவோ காக்காவோ அடிக்கிறார்கள். அடி வாங்கிய பையன் இரண்டு நாள் வெளியே போகாமல் இருப்பான். வீடு நிம்மதி அடையும். மூன்றாம் நாள் இன்னும் கவனமாக மறைத்துக்கொண்டு போவான்.

அடுத்தது மறைப்பு. "பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று ஒரு தாய் நம்மிடமே கேட்டார். ஆம், இருக்கிறது. பிள்ளையின் குறையைத் தெருவில் பரப்பாமல் இருப்பது மறைப்பு. வைத்தியரிடமிருந்து மறைப்பது நோயைப் பாதுகாப்பதாகும். புற்றுநோய் வந்தால் கட்டியை மறைக்கிறோமா?

மூன்றாவது கல்யாணம். 'கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்று 22 வயதில் நிக்காஹ் முடித்துவிடுகிறார்கள். பெண் வீட்டாரிடம் சொல்வதில்லை. இதைப் பற்றி நாம் நீட்டி எழுத விரும்பவில்லை. குலா கேட்டு வரும் பெண் பிள்ளைகளின் வழக்குகளில் இந்தக் கதை எத்தனை தடவை வருகிறது என்பது ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தெரியும். இன்னொரு வீட்டு மகளை மருந்தாகக் கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது?

நான்காவது, 'வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம், நாலு காசு சம்பாதித்தால் திருந்திவிடுவான்' என்பது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. அரபு நாடுகளின் போதைச் சட்டம் நம் நாட்டுச் சட்டம் போன்றதல்ல. சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. இங்கே மருந்துக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளைக்கூட முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குள் கொண்டுபோக முடியாது. பழக்கம் விடாத பையன் பையில் நாலு மாத்திரையை ஒளித்துக்கொண்டு விமானம் ஏறினால் என்ன ஆகும்? அங்கே போய் உடல் அந்தப் பொருளைக் கேட்டு நடுங்கும்போது, எட்டுப் பேர் தங்கும் அறையில் அவனைக் கவனிப்பது யார்? பழக்கம் உள்ளவனைத்தான் 'இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிடு' என்று கேட்பவர்களும் தேடிப் பிடிக்கிறார்கள். குணமாகாத பிள்ளையைத் தயவுசெய்து விமானம் ஏற்றாதீர்கள்.

ஜமாஅத் தீர்மானம் குறித்து

போதைப் பழக்கம் உள்ளவர் வீட்டு நிக்காஹுக்குத் தஃப்தர் தருவதில்லை, விசேஷங்களில் கலந்துகொள்வதில்லை, பெயரைப் பலகையில் எழுதுவது என்று தீர்மானம் போட வேண்டும் எனச் சகோதரர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். அவர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் விற்பவரையும் சிக்கிக்கொண்ட பிள்ளையையும் ஒரே பலகையில் எழுதுவதை நாம் ஏற்கவில்லை.

மது குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்ற ஒரு தோழரை, அங்கிருந்த ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் சபிக்க வேண்டாமெனத் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி இது. தண்டனையை நிறுத்தவில்லை, ஆனால் அவரை ஜமாஅத்தை விட்டு வெளியே தள்ளவுமில்லை. ஒருவர் திரும்பத் திரும்ப விழுவார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: சிகிச்சைக்குப் பின் மறுபடி தொடங்குவது இந்த நோயில் வழக்கம், அப்போது மறுபடி சிகிச்சைக்குப் போக வேண்டும். அல்லாஹ்வும் மதுவை ஒரே நாளில் தடுத்துவிடவில்லை. அதில் தீமையே பெரிதென்று முதலில் சொன்னான், போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று பிறகு சொன்னான், அல்மாயிதாவின் 90-ஆவது வசனத்தில் முற்றாகத் தடுத்தான். பழகிப்போன ஒரு சமூகத்துக்கே அவகாசம் கிடைத்தது.

பெயரைப் பலகையில் எழுதினால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வருடம் மறைத்த வீடு மூன்று வருடம் மறைக்கும். விற்பவர் விஷயத்தில் எந்தத் தீர்மானம் போட்டாலும் அறக்கட்டளை கையெழுத்துப் போடும். சிறுவர்களை வைத்து விற்கவோ கடத்தவோ செய்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. 1933 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம்.

சட்டமும் இந்த இருவரையும் வேறுபடுத்தித்தான் பார்க்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்துபவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா?' என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைத்திருக்க மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது.

தனியார் 'மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டியிருக்கும் எல்லா இடமும் நல்ல இடமல்ல. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளையைப் பார்க்க விடமாட்டோம் என்று சொன்னால் அங்கே விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. 2025-ல் தமிழக அரசு 25 இடங்களில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் திறந்திருக்கிறது. 14446 என்ற எண் போதை மீட்பு ஆலோசனைக்கான இலவச எண். மன உளைச்சலுக்கு 14416. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

பிள்ளையிடம் முதல் பேச்சை எப்படித் தொடங்குவது என்று உம்மாமார்கள் கேட்கிறார்கள். அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தம்பி தங்கைகள் முன்னால் பேசாதீர்கள். ஃபஜ்ருக்குப் பிறகோ, வண்டியில் இருவர் மட்டும் போகும்போதோ பேசலாம். 'ஏன் செய்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் வராது. அது அவனுக்கே தெரியாது. என்ன பொருள், எப்போதிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, விட்டுப் பார்த்தாயா, விட்டபோது உடம்பு என்ன செய்தது என்று கேளுங்கள். மருத்துவரும் இதையேதான் கேட்பார்.

ஐஸ்லாந்து என்ற சின்னத் தீவு நாட்டில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும்வரை குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதமானது. பிள்ளைகள் இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள், விளையாட்டுக்கும் கலைக்கும் அரசு பணம் கொடுத்தது, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 'அவன் வீட்டில் விடுகிறார்களே' என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது. நம் தெருக்களில் இஷாவுக்குப் பிறகு டர்ஃப் மைதானத்துக்கென்று கிளம்பிய பையன்கள் நள்ளிரவு வரை எங்கே இருக்கிறார்கள்? ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்து பத்து மணி என்று முடிவு செய்தால் போதும். ஊர்க் கூட்டம் தேவையில்லை.

மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்குபவர்களுடன் நமது அறக்கட்டளையிலிருந்து ஒருவர் கூட வருவார். பெண்கள் மட்டும் உள்ள வீடென்றால் நமது பெண்கள் பிரிவைச் சேர்ந்த சகோதரி வருவார். ஆதார் அட்டையையும், வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டையோ உறையோ இருந்தால் அதையும் எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். பயணச் செலவும் மருந்துச் செலவும் பைத்துல்மாலிலிருந்து தரப்படும். மனுவில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும். மற்றதை அலுவலகத்தில் செயலாளரிடம் நேரில் சொல்லலாம்.